இரவல் போன கியர்பாக்ஸ்

என் வீட்டுக்காரரிடம் எதையும் கேட்டுவிடாதீர்கள். கொடுத்துவிடுவார். எங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த சுவர்க்கடிகாரம் இப்போது மரக்கடைக்காரர் வீட்டில் மணியடிக்கிறது. என் அப்பா வாங்கித் தந்த குடை யார் தலைக்கு மேல் போகிறது என்று மழை வரும்போதெல்லாம் தெருவை எட்டிப் பார்க்கிறேன். ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் சோற்றுப்பானையையே காணோம். வழிப்போக்கர் ஒருவர் குடும்பத்தோடு பசியாக வந்தாராம். அடுப்பு சூடாக இருந்ததால் அது மட்டும் தப்பித்தது.

கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்.

"கேட்டாங்க. இருந்துச்சு. குடுத்தேன்."

எதைக் கொடுத்தாலும் "இந்தாங்க" என்று நீட்டுவார். அதனால் ஊரில் அவருடைய பெயரே 'இந்தாங்க' என்றாகிவிட்டது. இந்தாங்க வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். நான் இந்தாங்க வீட்டம்மா. இதைவிடக் கௌரவமான பட்டம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் ஹெலிகாப்டர் மெக்கானிக். எங்கள் ஊரோடு தார்ச்சாலை முடிந்துபோகிறது. அப்பால் காடு, ஆறு, மலை. அங்கே இருக்கும் குடியிருப்புகளுக்கு நடந்துபோனால் நாட்கணக்காகும், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. அதனால் எங்கள் திருச்சபை ஒரு சின்ன ஹெலிகாப்டரை வைத்துக்கொண்டு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதும் நோயாளிகளைக் கீழே இறக்கிக்கொண்டு வருவதுமாக இருக்கிறது. ஒரு பைலட், ஒரு மெக்கானிக், ரேடியோவில் உட்கார்ந்து பேசுவதற்கு நான். எங்களுக்கு மேலே போதகர். போதகருக்கு மேலே கர்த்தர். வண்டி நிற்பதற்கு ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டி ரேடியோ அறை, அதை ஒட்டி எங்கள் வீடு. வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி. ஹெலிகாப்டரை வண்டி என்றுதான் நாங்கள் சொல்வோம்.

விடிந்ததும் டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பாரே அது மாதிரி குச்சியில் மாட்டிய குட்டிக் கண்ணாடியுமாக அவர் வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார். நட்டு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். காட்டுக்குள் தங்க நேர்ந்தால் வண்டிக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் விரித்துப் படுப்பார். பீப்பாயிலிருந்து கைப்பம்பு போட்டு எரிபொருள் ஏற்றும்முன் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தாலும் அந்தப் பீப்பாய் வேண்டாம். காலெல்லாம் அட்டை கடித்துத் திரும்பி வருவார். நான் திட்டிக்கொண்டே உப்புத் தண்ணீர் வைத்துக் கழுவிவிடுவேன்.

ஊருக்கெல்லாம் வாரிக் கொடுக்கிறவர், ஸ்பேனரை மட்டும் ஒருவருக்கும் தரமாட்டார். கொட்டகைச் சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் வரைந்து, அதனதன் மேலேயே மாட்டியிருப்பார். ஒன்று குறைந்தால் வண்டி கிளம்பாது. காணாமல் போன ஸ்பேனர் வண்டிக்குள் கிடந்தால் என்ன ஆவது என்பார். ஒருமுறை போதகரே தன் சைக்கிளுக்காகக் கேட்டு, வெறுங்கையோடு திரும்பினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய பாகம் எதையாவது கழற்றி மாட்டினால், அடுத்து வண்டி பறக்கும்போது மாட்டியவனும் கூட ஏறி உட்கார வேண்டும். தன் கைவேலையை நம்பித் தன் உயிரையும் வைக்க வேண்டும். அப்படி அவர் ஏறும் ஒவ்வொரு முறையும் வண்டி திரும்பும்வரை நான் ரேடியோவை விட்டு நகரமாட்டேன்.

அவருக்கு ஓர் அக்கா. அம்மா அப்பா சீக்கிரமே போய்விட, தம்பியை வளர்த்து, மெக்கானிக் படிப்புக்கு அனுப்பி, ஆளாக்கியவள் அவள்தான். தானும் நர்ஸாகி, கல்யாணம் காட்சி என்று எதையும் யோசிக்காமல், மலை மேல் கடைசிக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறை. மூன்றாவது அறையில் அவள். கூட ஓர் ஆயா. வேறு நாதியில்லை.

நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி தினமும் காலையில் ரேடியோவில் வருவாள். மழை எப்படி, மேகம் எவ்வளவு, எத்தனை நோயாளிகள் என்று சொல்வாள். சொல்லி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் மறுபக்கம் பேசலாம். அவள் சொல்லவே மாட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி ஒன்றும் கேட்காமல் போகும்.

"என் தம்பிக்கு ஒழுங்கா சோறு போடுறியா?" என்பாள்.

"போடுறேன் அண்ணி. அவர்தான் தட்டோட தூக்கி யாருக்காவது குடுத்துடறார்."

"அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"நீங்க மட்டும் என்னவாம்?"

எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நாங்களும் அதைக் கெடுக்கவில்லை. மலையில் குளிர் அதிகம் என்று ஒரு வருஷம் அவளுக்கு ஸ்வெட்டர் பின்னினேன். பச்சைக் கம்பளி நூல் ஒரு கைக்குப் போதவில்லை. எங்கள் ஊர்க் கடையில் வேறு பச்சையும் இல்லை. போனால் போகிறதென்று ஒரு கையை மட்டும் நீல நூலில் பின்னி, மருந்துப் பெட்டியோடு வண்டியில் ஏற்றிவிட்டேன். மறுநாள் ரேடியோவில் ஒரே சிரிப்பு.

"ஏண்டி, என்னைக் கோமாளி ஆக்கலாம்னு பாக்குறியா?"

"போடுறீங்களா இல்லையா?"

"போட்டிருக்கேன், போட்டிருக்கேன். கழட்டவே இல்ல."

அதற்கப்புறம் குளிர் வரும்போதெல்லாம் கேட்பேன். போட்டிருக்கேன் என்பாள்.

இனிமேல்தான் கியர்பாக்ஸ் கதை வருகிறது. ஹெலிகாப்டரின் வால் நுனியில் ஒரு சின்ன விசிறி இருக்கிறது அல்லவா, அதைச் சுற்றவைக்கிற பெட்டி அது. சின்னக் குடத்தளவுதான் இருக்கும். அந்த விசிறி நின்றுபோனால் வண்டி பம்பரமாகச் சுற்றிக்கொண்டு கீழே வரும். அதனால் உபரியாக ஒரு கியர்பாக்ஸை எண்ணெய்த் துணி சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்திருந்தார். புதிதாகக் கேட்டு எழுதினால் வந்து சேர மாதக்கணக்காகும்.

மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு சபை, எங்களைப் போலவே ஒரு வண்டி வைத்துச் சேவை செய்கிறது. ஞானஸ்நானம் கொடுப்பதில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒத்துப்போகாது. ஆனால் வண்டி ஒரே ரகம். மழைக்காலத்துக்கு முன்னால் அவர்களுடைய மெக்கானிக் ரேடியோவில் வந்தார்.

"அண்ணே, எங்க வால் கியர்பாக்ஸ் போயிடுச்சு. மேல நோயாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்க. உங்ககிட்ட உபரி இருக்கா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் மைக்கை வாங்கி, "இருக்குப்பா. இந்தா, அனுப்பிடறேன்," என்றார். ரேடியோவில்கூட இந்தா.

அன்றைக்கு வீட்டில் நான் பேசியது கொஞ்சமல்ல. நம்ம வண்டி படுத்தா யாரைக் கேப்பீங்க என்றேன். நமக்கும் யாராவது குடுப்பாங்க என்றார். போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொடுத்தது தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது?" என்றார். நியாயம்தான். அந்த வாயால்தானே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கொடுங்கள் கொடுங்கள் என்று பிரசங்கம் செய்கிறார்.

மழை ஆரம்பித்தது. ஒருநாள் பைலட் திரும்பி வந்து இறங்கும்போதே முகம் சரியில்லை. வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததாம். கியர்பாக்ஸின் அடியில் காந்தம் வைத்த ஒரு திருகாணி இருக்கும். எண்ணெயில் இரும்புத்துகள் வந்தால் அதில் ஒட்டிக்கொண்டு விளக்கை எரியவைக்கும். என் வீட்டுக்காரர் அதைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தார். சாம்பல் நிறத்தில் மை மாதிரி இழுபட்டால் பயமில்லை, அது சாதாரணத் தேய்மானம். துணியில் விழுந்தது ஓர் இரும்புச் சிலாம்பு. வெட்டிய நகம் மாதிரி வளைந்து மின்னியது.

சுத்தம் செய்து மாட்டி, தரையிலேயே வண்டியை ஓடவிட்டு, மறுபடி கழற்றினார். இன்னும் இரண்டு சிலாம்பு. உள்ளே பல்சக்கரம் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தது. அவர் சிவப்புத் துணியை எடுத்துவந்து பைலட் இருக்கையில் கட்டினார். அதை அவர் கட்டினால் அவர்தான் அவிழ்க்க வேண்டும். பைலட்டோ போதகரோ தொடக்கூடாது.

மலைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னோம். அவர்கள் பதறிப்போனார்கள். வானம் கொஞ்சம் திறந்தால் உங்கள் நோயாளிகளையும் நாங்களே ஏற்றுகிறோம் என்றார்கள். ஆனால் அங்கிருந்து வர ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். அதில் மேகம் பஞ்சை அடைத்த மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் அண்ணி வந்தாள். மழை, மேகம் எல்லாம் சொன்னாள். குரலில் ஒரு பிசிறு இருந்தது.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. வயித்து வலி. நேத்து தொப்புள்கிட்ட இருந்துச்சு. இன்னிக்கு வலது பக்கம் கீழ இறங்கியிருக்கு."

நர்ஸுக்குத் தெரியாதா? குடல்வால். கத்தி வைக்க வேண்டிய நோய். அவளைத் தவிர அங்கே மருத்துவம் தெரிந்தவர் யாரும் கிடையாது. தனக்கு ஊசி போட ஆயாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "தம்பிகிட்ட இப்ப சொல்லாத," என்றாள். தம்பி எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் மைக்கை வாங்கவில்லை. கொட்டகைக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்த நாட்களை நான் எப்படிச் சொல்வேன். அரசாங்க ஹெலிகாப்டரைக் கேட்கப் போதகர் நேரிலேயே போனார். அது வெள்ளம் புகுந்த இடங்களில் கூரைமேல் நின்றவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அவர்களும் மனிதர்கள்தான், அங்கே போய் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? கட்டிலில் வைத்துத் தூக்கிவரலாம் என்றால் ஆற்றுப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஆலயத்தில் எல்லோரும் கூடி ஜெபித்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் சரிசெய்யத் தெரிந்த கைகள், மடியில் சும்மா கிடந்தன.

கொட்டகையில் அவர் ஏற்கெனவே துடைத்ததைத் துடைத்தார். பெருக்கியதைப் பெருக்கினார். அந்தக் கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு பல் பாதி தேய்ந்து கூராகியிருந்தது. மாற்றப் பல் கிடையாது. திரும்பப் பூட்டி வண்டியில் மாட்டினார். ஏன் மாட்டினார் என்று நான் கேட்கவில்லை.

பைலட் வந்து நின்றார். சின்ன வயசு, இரண்டு குழந்தைகள்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை. போக அர மணி, வர அர மணி. தாங்கும்ணே. நான் போறேன்."

"தாங்கலாம்."

"அப்புறம் என்ன?"

"தாங்காமயும் போகலாம். நீ வீட்டுக்குப் போ தம்பி."

எனக்குப் பொறுக்கவில்லை. பைலட் போனதும், "என்னங்க, அவரே போறேங்கறார். கட்டுன துணியை அவுத்தா என்ன? உங்களை வளத்தவங்க அங்க செத்துக்கிட்டு இருக்காங்க," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"என் உயிரா இருந்தா எப்பவோ குடுத்திருப்பேன். அந்தப் பையனோட உயிரை எடுத்து நான் எப்படிம்மா குடுக்கறது?"

நான் துடைப்பத்தை எடுத்து, அவர் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

அண்ணியின் குரல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்போதும் வேலையை விடவில்லை.

"கேளு. இங்க ஒரு பொண்ணு நிறைமாசமா இருக்கா. குழந்தை குறுக்க கிடக்கு. வண்டி வந்தா மொதல்ல அவளையும் அவ அம்மாவையும் ஏத்தணும். நான் அடுத்த தடவை வரேன்."

"அடுத்த தடவையாவது ஒண்ணாவது. நீங்க மொதல்ல உயிரோட இருங்க அண்ணி."

"கத்தாத. தம்பிகிட்ட சொல்லிடு. அவளை மொதல்ல."

அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. இந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டு நான் எவ்வளவு அழுதிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

மலைக்கு அந்தப் பக்கத்து வண்டி கணவாய்வரை வந்து பார்த்துவிட்டு மேகத்தால் திரும்பிப்போனது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. ஒருநாள் சாயங்காலம் அவர்களுடைய மெக்கானிக் கூப்பிட்டார்.

"அண்ணே, இனிமே மேகத்தை நம்பிப் பிரயோஜனம் இல்ல. நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே கியர்பாக்ஸைக் கழட்டிட்டேன். லாரி கிளம்பிடுச்சு. மலையச் சுத்தி ரோட்டுலயே வந்துடும். நீங்க மாட்டி, நீங்களே போய் அக்காவைக் கூட்டிக்கிட்டு வாங்க."

என் வீட்டுக்காரர் முகத்தில் அத்தனை நாளில் முதல்முறையாக வெளிச்சத்தைப் பார்த்தேன். கொடுத்தது திரும்பி வருகிறது. அதுவும் கேட்காமல். தங்கள் வண்டியை முடமாக்கிவிட்டு அனுப்புகிறார்கள். "பாத்தியா?" என்றார் என்னிடம். "பாத்தேன், உங்க ஜாதகத்துலயே இன்னொரு ஆள்," என்றேன். சந்தோஷத்தில்தான் சொன்னேன். இராப்பொழுதெல்லாம் ஸ்பேனர்களை எடுத்து வரிசையாக வைத்துக் காத்திருந்தார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். மழை இல்லை. மேகம் இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. எத்தனையோ நாளாகக் கண்ணில் படாத கணவாய், இங்கிருந்தே துல்லியமாகத் தெரிந்தது. ஒரு பறவைகூட அதில் பறந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வண்டி எழும்பினால் குடியிருப்பில் போய் இறங்க ஒரு மணி நேரம் ஆகாது. அந்த வண்டிக்கு வால் விசிறி சுற்றாது. அதன் கியர்பாக்ஸ் மலையைச் சுற்றி எங்கோ ஒரு லாரியில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு வண்டி, நடுவில் திறந்த வானம், பறக்க ஒன்றுமில்லை.

அவர் வாசலில் நின்று பார்த்தார். ரேடியோவில் அந்த மெக்கானிக் அழுகிற சத்தம் கேட்டது. "நல்லதுன்னு நினைச்சுத்தானே அண்ணே செஞ்சேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாமே." என் வீட்டுக்காரர் போய் மைக்கை எடுத்து, "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன் தம்பி. அழாத," என்றார். அந்த நேரத்திலும் ஆறுதலைத் தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டார். தனக்கென்று ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் ஆயா ரேடியோவைப் போட்டாள். அம்மா பேசணும்கறாங்க என்றாள். அண்ணிக்குக் காய்ச்சலில் நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது.

"தம்பி... சத்தம் கேக்குதுடா. வண்டிச் சத்தம். வந்துட்டியா?"

அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொய் வராது. வண்டி விஷயத்தில் ஒரு பொய் சொன்னால் ஓர் உயிர் போகும் என்று பழகிப்போன மனிதர்.

"இல்லக்கா," என்றார். "வண்டி இன்னும் இங்கதான்..."

நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"வந்துக்கிட்டே இருக்காங்க அண்ணி. கிளம்பிட்டாங்க. மலை தாண்டியாச்சு. நீங்க கண்ணை மூடிக்கிட்டு படுங்க."

"வெயில் அடிக்குதுடி இங்க," என்றாள். "நல்லா அடிக்குது."

"ஆமா அண்ணி. இங்கயும்."

அவள் ஓவர் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். இரைச்சல்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆயாவின் குரல் வந்தது. அவளும் எதையும் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதவள். "அம்மா போயிட்டாங்க," என்றாள்.

லாரி வந்துசேர்வதற்குள் அங்கே அடக்கமும் முடிந்துவிட்டது. தம்பி ஒரு பிடி மண் போடவில்லை. குடியிருப்புக்காரர்கள் குழி வெட்டி, தெரிந்த ஜெபத்தைச் சொல்லி மூடினார்களாம். அந்த நேரத்தில் நாங்கள் ரேடியோவைப் போட்டு, முன்னால் முழங்காலில் இருந்தோம். மண் விழுகிற சத்தம் இரைச்சலோடு சேர்ந்து கேட்டது.

கியர்பாக்ஸ் பெட்டியைத் திறந்தபோது, அடிபடாமல் இருக்க அதைத் தங்கள் வீட்டுக் கம்பளியால் சுற்றி அனுப்பியிருந்தார்கள். அவர் அதைப் பிரித்து மடித்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

"இப்ப என்னங்க அவசரம்? யாருக்காக?" என்றேன். கேட்கக்கூடாதுதான். வாய் நிற்கவில்லை.

"அந்தப் பொண்ணை மொதல்ல ஏத்தணும்னு அக்கா சொன்னாள்ல."

மாட்டினார். சிவப்புக் கோடு போட்டார். தரையில் ஓடவிட்டு, திருகாணியைக் கழற்றித் துடைத்தார். துணி சுத்தமாக இருந்தது. பைலட் இருக்கையிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வழக்கப்படி கூட ஏறி உட்கார்ந்தார். வண்டி எழும்பிப் போனது. அன்றைக்கும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. எனக்கு அந்த வானத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வண்டி திரும்பியபோது அதில் அவர் இல்லை. நிறைமாதப் பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றினால் மூன்றாவது ஆளுக்கு எடை தாங்காது. "அண்ணன் எறங்கிட்டாரு. அடுத்த தடவை வந்து கூட்டிக்கச் சொன்னாரு," என்றார் பைலட். இடத்தையும் கொடுத்துவிட்டார். ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கினேன். விசிறிக் காற்றில் அவள் போர்வை விலகியது. உள்ளே ஒரு ஸ்வெட்டர். வயிற்றின் மேல் பொத்தான் எட்டாமல் திறந்து கிடந்தது. உடம்பெல்லாம் பச்சை. ஒரு கை நீலம்.

அந்த நீலக் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

"இது... எப்ப குடுத்தாங்க உனக்கு?"

"நர்ஸம்மாவா? போன வருஷக் குளிருக்கேம்மா. குளிருதுன்னு சொன்னேன். உடனே கழட்டிப் போட்டுவிட்டாங்க."

போன வருஷம். அதற்கப்புறம் எத்தனை காலை நான் கேட்டிருப்பேன். போட்டிருக்கேன், போட்டிருக்கேன், கழட்டவே இல்ல. தம்பிக்குத்தான் பொய் வராது. அக்காவுக்கு நன்றாகவே வந்திருக்கிறது. என் மனசு நோகக்கூடாதென்று குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து எனக்குப் பொய் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண்ணை ரேடியோ அறைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். டவுன் ஆஸ்பத்திரி ஜீப் வர வேண்டும். அதற்குள் ரேடியோ கரகரத்தது. காலை நேரமில்லை, ஆனால் அதே இடத்திலிருந்து, அண்ணி பேசும் அதே பெட்டியிலிருந்து, அவர் குரல்.

"வந்து சேந்துட்டாங்களா? ஓவர்."

"வந்துட்டாங்க. நல்லாருக்கா. நீங்க? ஓவர்."

"அக்கா ரூம்ல இருக்கேன். ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கிட்டு வரலாம்னு பாத்தா, ஒரு கட்டிலும் ஒரு தலகாணியும்தான் இருக்கு. நாம அனுப்புன ஒண்ணையும் காணோம். எல்லாத்தையும் குடுத்திருக்கா." இரைச்சல். "உன் ஸ்வெட்டரையாவது எடுத்துக்கலாம்னு தேடுனேன். அதுவும் இல்லம்மா. ஓவர்."

மைக் பொத்தானை அழுத்தினேன்.

"அது இங்க வந்திருக்குங்க. அந்தப் பொண்ணு போட்டிருக்கா. வாங்கி வைக்கட்டுமா? ஓவர்."

மறுபக்கத்தில் வெறும் இரைச்சல். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்குக் குளிருதா?"

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஸ்வெட்டரைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய ரவிக்கையில் தோள் நடுங்கியது.

அதை வாங்கினேன். முகத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணியின் வாசனை ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் ஆகிவிட்டதே. எனக்கு அது வேண்டும் போலிருந்தது. என் வாழ்க்கையில் எதையும் அப்படி வேண்டுமென்று நினைத்ததில்லை.

"இந்தாம்மா," என்றேன். நீலக் கையை முதலில் மாட்டிவிட்டேன். பிறகு பச்சைக் கையை.

ஜீப் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. ரேடியோவில் அவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா, குளிருதா அவளுக்கு? இருக்கியா? ஓவர்." நான் மைக் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்த முடியவில்லை.